பட்டும் வித்தையும்: ஒரு கெய்ஷா படம் பெற்ற வரவேற்பு

2006-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்கத் திரைப்பட அகாடமி தன் 78-ஆவது ஆஸ்கார் விருதுகளை வழங்கியபோது, 'மெமாய்ர்ஸ் ஆஃப் எ கெய்ஷா' என்ற படம் மூன்று விருதுகளைப் பெற்றது. அரங்க நிர்மாணத்துக்கு ஒன்று, ஒளிப்பதிவுக்கு ஒன்று, உடையலங்காரத்துக்கு ஒன்று. இசைக்கும் ஒலியமைப்பின் இரு பிரிவுகளுக்கும் அதன் பெயர் முன்மொழியப்பட்டிருந்தது. நடிப்புக்கோ, திரைக்கதைக்கோ, டைரக்ஷனுக்கோ ஒருவர் பெயரும் முன்மொழியப்படவில்லை. 8.5 கோடி டாலர் செலவில், ஹாலிவுட்டின் தலைசிறந்த கலைஞர்களைக் கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஓடும்படி சிருஷ்டிக்கப்பட்ட ஒரு படத்தில், கண்ணைக் கவரும் அம்சங்களுக்கெல்லாம் மகுடம் சூட்டிவிட்டு, மனத்தைத் தொடவேண்டிய அம்சங்களை மௌனமாகக் கடந்து சென்ற அந்தத் தீர்ப்பு நியாயமானதே என்பது என் அபிப்பிராயம். ஆனால் அமெரிக்காவில் அவ்வாறு பாராட்டும் அலட்சியமும் கலந்து பெற்ற அதே படம், ஜப்பானில் மனத்தாங்கலையும் சீனாவில் கடுங்கோபத்தையும் விளைவித்தது ஏன் என்று ஆராயப் புகுவோமானால், திரைப்படத்தைவிட மிகப் பழமையான ஒரு சரித்திரத்துக்குள் நாம் நுழைய வேண்டியிருக்கிறது.

கெய்ஷாவின்மேல் மேல்நாட்டாருக்கு உண்டான மோகம் நேற்று இன்று ஏற்பட்டதன்று. 1887-இல் பியேர் லோத்தி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, நாகசாகித் துறைமுகத்தில் தாம் ஒரு ஜப்பானியப் பெண்ணோடு சில வாரங்கள் தற்காலிக மணம் செய்துகொண்டு வாழ்ந்ததை நாவல் வடிவில் எழுதி வெளியிட்டார். 1896-இல் லண்டன் டேலி நாடகசாலையில் 'தி கெய்ஷா' என்ற இசை நாடகம் அரங்கேறி, 760 தடவை நடந்தது. 1904-இல் புச்சீனியின் 'மடாமா பட்டர்ஃபிளை' மிலான் நகரில் முதன்முறை அரங்கேறிய இரவில் சபையோரின் கூச்சலுக்கும் பரிகாசத்துக்கும் ஆளாகி, சில மாதங்களில் திருத்தம் பெற்று வெற்றிகண்டு, பிறகு உலகமெங்கும் பரவியது. குடும்பத்தின் வறுமையால் கெய்ஷாவான ஓர் இளம்பெண், அமெரிக்க மாலுமி ஒருவனை மணந்து, கைவிடப்பட்டு, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும் அந்தக் கதை, ஜப்பானியப் பெண் என்றால் பணிவு, பட்டு, கண்ணீர், மரணம் என்ற ஒரு சித்திரத்தை மேல்நாட்டு மனத்தில் அழுத்தமாகப் பதித்துவிட்டது. அந்தச் சித்திரத்தோடு நிஜத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் சந்தர்ப்பமும் அக்காலத்து ஐரோப்பியருக்குக் கிட்டாமல் இல்லை. தோக்கியோவில் கெய்ஷாவாகப் பயிற்சி பெற்றுப் பின்னர் நடிகையான சாதாயாக்கோ, தம் கணவர் கவாகாமியின் குழுவோடு 1899-இல் அமெரிக்காவுக்கும், 1900-இல் பாரிஸ் கண்காட்சிக்கும் சென்று நாடகம் ஆடினார். அவருடைய கலையைப் பார்த்துப் பிரமித்தவர்கள் அநேகர். எனினும் மேடையில் அவர் மாண்டுபோகும் காட்சியையே அவர்கள் எல்லாவற்றிலும் மேலாக ரசித்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இந்தத் தொழிலின் உண்மையான பூர்வோத்தரம் வேறு. பதினேழாம் நூற்றாண்டில் விருந்துகளில் பாடியும் வேடிக்கை பேசியும் சபையை மகிழ்வித்தவர்கள் ஆடவர்களே. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் பெண்கள் இத்தொழிலில் தலையெடுத்தார்கள். 1779-இல், இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரத்து யோஷிவாரா என்ற பரத்தையர் பேட்டையில் கெய்ஷாக்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் ஓர் அலுவலகம் ஏற்பட்டது. அரசாங்க உரிமம் பெற்ற விலைமகளிரின் பிழைப்பில் கெய்ஷாக்கள் குறுக்கிடலாகாது என்பதே அந்தக் கண்காணிப்பின் நோக்கம். ஆகவே அவர்கள் எளிய உடை உடுத்த வேண்டும், விருந்தினரோடு நெருங்கி அமரலாகாது என்றெல்லாம் விதிகள் இருந்தன. விலைமகளிரிலே தலைமை பெற்ற ஓய்ரான், இடைக்கச்சையை முன்பக்கம் முடிச்சிட்டு, மிக உயர்ந்த மரப்பாதுகைகளில் ஏறி ஊர்வலம் வருவாள். கெய்ஷாவோ கச்சையைப் பின்பக்கம் முடிபவள். இந்த வேற்றுமையைப் படிக்கிறவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இதன் காரணம் பின்னே விளங்கும்.

கியோட்டோ நகரத்தில், யாசாகா ஆலயத்துக்கு வரும் யாத்திரிகர்களுக்குத் தேநீர் வழங்கிய கடைகளிலிருந்து வளர்ந்தது கியோன் என்னும் பேட்டை. சக்கரவர்த்தி 1869-இல் தோக்கியோவுக்குக் குடிபெயர்ந்த பிறகு, ராஜதானி என்ற பெருமையை இழந்து வாடிக்கிடந்த அந்தப் பழைய நகரத்துக்குப் புத்துயிர் ஊட்டும் பொருட்டு 1872-இல் ஒரு கண்காட்சி நடத்தப்பட்டது. அதுவரையில் மூடிய கதவுகளுக்குள்ளே செல்வந்தர் சிலர் மட்டும் கண்டு களித்த நடனத்தைப் பொதுமக்கள் யாவரும் பார்க்கும்படி மேடைக்குக் கொண்டுவந்தது அந்தக் கண்காட்சியே. 'மியாகோ ஓதோரி' என்ற அந்த வசந்தகால நடன விழாவுக்கு நடனம் அமைத்தவர், இனோவே சம்பிரதாயத்தின் மூன்றாவது தலைவியான இனோவே யாசியோ. 1838-இல் பிறந்து 1938 வரை வாழ்ந்த அந்த அம்மையார், நோ நாடகத்தின் அடக்கத்தையும் பொம்மலாட்டத்தின் நுட்பத்தையும் தம் நடனத்தில் இழைத்தார். முகத்தில் உணர்ச்சியைக் கொட்டாமல், முழங்காலை மடித்து உடலைத் தாழ்த்திக்கொண்டு, விசிறியின் ஓர் அசைவிலும் கழுத்தின் ஒரு திருப்பத்திலும் சோகத்தையும் சிருங்காரத்தையும் உணர்த்துவதே அந்த மரபு. கியோன் கோபு பேட்டையில் இன்றளவும் அந்த ஒரே சம்பிரதாயந்தான் கற்பிக்கப்படுகிறது.

அங்கே ஒரு சிறுமி மைகோ என்னும் பயிற்சி நிலையை அடைந்து, பின்னர் கெய்கோ என்று கியோட்டோவார் வழங்கும் முழுநிலையை எய்துவதற்கு ஆண்டுக்கணக்கான சாதகம் வேண்டும். மைகோவின் கூந்தல் அவளுடைய சொந்தக் கூந்தல். வாரம் ஒருமுறை அதை மெழுகிட்டு வாரி முடித்தபின், அது குலையாதிருக்கும் பொருட்டு இரவில் கழுத்துக்கு மட்டும் அண்டக் கொடுக்கும் உயர்ந்த தலையணையில் அவள் உறங்குகிறாள். அவள் முதுகில் கணுக்கால்வரை தொங்கும் கச்சை ஏறக்குறைய 5 மீட்டர் நீளமுடையது. அதன் நுனியில் அவள் வாழும் இல்லத்தின் முத்திரை நெய்யப்பட்டிருக்கும். அதை இறுக்கிக் கட்டப் பெண்களின் கைவலிமை போதாமையால், அதற்கென்றே ஆடவர் சிலர் வீடு வீடாகச் செல்கிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் வெள்ளை பூசும்போது பிடரியில் இரண்டு கீற்றுகளை மட்டும் பூசாமல் விடுவார்கள். முதலாண்டு மைகோ கீழுதட்டுக்கு மாத்திரமே செஞ்சாயம் இடுவாள். அறிந்தவர் ஒருவர் இவற்றைக் கண்டமாத்திரத்தில், இந்தப் பெண் எந்த இல்லத்தவள், பயிற்சியில் எத்தனையாம் ஆண்டில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவார். கியோட்டோவில் உடை என்பது அலங்காரம் மட்டுமன்று. அது ஒரு கல்வியின் அடையாளச் சீட்டு.

இப்படிப்பட்ட உலகத்தைப் பற்றி 1997-இல் ஆர்தர் கோல்டன் என்ற அமெரிக்கர் ஒரு நாவல் வெளியிட்டார். ஜப்பானியக் கலையும் சரித்திரமும் பயின்றவர் அவர். மீனவக் குடிசையிலிருந்து விற்கப்பட்டுக் கியோனுக்கு வரும் நீலச்சாம்பல் விழியுடைய சிறுமி ஒருத்தி, கொடுமைகளையெல்லாம் தாங்கிப் புகழ்பெற்ற கெய்ஷாவாகி, தான் சிறுவயதில் மனத்தில் வரித்த கனவான் ஒருவரை இறுதியில் அடைவதே கதை. அது அந்தப் பெண்ணின் வாய்மொழியாகவே சொல்லப்படுகிறது. நூலின் முகப்பில் யாக்கோப் ஹார்ஹூயிஸ் என்ற ஒரு பேராசிரியரின் குறிப்பும் இருக்கிறது, ஆனால் அந்தப் பேராசிரியரும் கற்பனைப் பாத்திரமே. இந்த உத்தியின் சாமர்த்தியத்தால், தாம் படிப்பது மெய்யான சுயசரிதம் என்றே எண்ணிய வாசகர் எத்தனையோ பேர். புத்தகம் நாற்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று, முப்பதுக்கும் மேற்பட்ட பாஷைகளில் வெளிவந்தது.

நூலாசிரியர் தம் நன்றியுரையில் ஒருவர் பெயரை விசேஷமாகக் குறிப்பிட்டிருந்தார். அவர் மினெகோ இவாசாகி. 1949-இல் பிறந்து, ஐந்து வயதிலேயே கியோன் இல்லம் ஒன்றில் சேர்ந்து, அந்த இல்லத்துக்கே வாரிசாகத் தத்தெடுக்கப்பட்டு, நடனத்தில் தம் தலைமுறையின் தலைசிறந்தவர் என்று பெயர்பெற்று, 29-ஆம் வயதில், புகழின் உச்சியில் இருந்தபோதே, தொழிலை விட்டு விலகியவர் அவர். தம் பெயர் வெளிவரலாகாது என்ற நிபந்தனையின் பேரில்தான் தாம் பேச இசைந்ததாகவும், அந்த வாக்கு மீறப்பட்டதாகவும் கூறி, 2001-இல் அவர் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கியோனில் விருந்தினரின் பேச்சும் வீட்டின் ரகசியமும் வெளியே செல்லலாகாது என்பது எழுதாச் சட்டம். அதை மீறியவர் என்ற அபவாதம் அவர்மேல் விழுந்தது, கொலை மிரட்டல்களும் வந்தன. இவற்றினும் அவர் நெஞ்சைச் சுட்டது வேறொன்று. நாவலில் நாயகியின் கன்னிமை ஏலம் போடப்பட்டுப் பெருந்தொகைக்கு விற்கப்படுகிறது. தம் வாழ்க்கையில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றும், 'மிசுவாகே' என்பது தமக்குப் பருவ முதிர்ச்சியைக் குறிக்கும் ஒரு சடங்காக மட்டுமே இருந்தது என்றும் அவர் சொன்னார். வழக்கு 2003-இல் சமரசத்தில் முடிந்தது; அதன் விவரங்கள் வெளியாகவில்லை. இதற்கிடையில் 2002-இல் அவர் தம் சுயசரிதத்தை எழுதி வெளியிட்டார். ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றொருவர் எழுதிய கதைக்கு எதிராக, சொன்னவரே எழுதுகோலை ஏந்தியது இலக்கிய சரித்திரத்தில் அபூர்வமான நிகழ்ச்சி.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இவாசாகி அம்மையார் தொழிலுக்கு வந்தது யுத்தத்துக்குப் பிந்திய ஜப்பானில். பரத்தமைத் தடுப்புச் சட்டம் 1956-இல் நிறைவேறி, 1958-இல் முழுவதும் அமலுக்கு வந்தபின் வளர்ந்த தலைமுறை அவருடையது. நாவலின் கதையோ 1930-களில் நிகழ்வது. 1925-இல் பிறந்து, சிறுமியாகவே விற்கப்பட்டு, சுவா என்னும் வெந்நீரூற்றுத் தலத்தில் கெய்ஷாவாக உழன்ற சாயோ மசுதா என்ற பெண்மணி, தமக்குத் தெரிந்த எளிய ஹிராகானா எழுத்துகளில் எழுதி 1957-இல் வெளியிட்ட சுயசரிதத்தைப் படிக்கிறவர்கள், பணத்துக்காகப் பெண்ணுடல் விற்கப்பட்ட உண்மையை மறுக்க முடியாது. கியோனின் மாளிகையும் சுவாவின் மலிவான விடுதியும் ஒரே பெயரால் வழங்கப்பட்டன. அவற்றில் வாழ்ந்தோரின் விதி ஒன்றாக இருக்கவில்லை. கோல்டன் செய்த பிழை, துயரத்தைக் கற்பனை செய்தது என்று நான் கருதவில்லை. ஓர் இடத்தின் துயரத்தை எடுத்து, மற்றோர் இடத்தின் பட்டாடையில் பொதிந்து, உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் பெயரை அதனோடு சேர்த்துவிட்டதே பிழை.

நாவலைப் படமாக்கும் எண்ணம் முதலில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கு இருந்தது. பல ஆண்டு தாமதத்துக்குப் பின் அவர் தயாரிப்பாளராக நின்றுகொள்ள, 'சிக்காகோ' என்ற இசைப்படத்தால் புகழ்பெற்ற ராப் மார்ஷல் டைரக்டராக அமைந்தார். கலிபோர்னியாவில் தவுஸண்ட் ஓக்ஸ் என்ற ஊரருகே, கல் பாவிய சந்துகளும் மரவீடுகளும் ஓடையுமாக ஒரு முழுக் கெய்ஷாப் பேட்டை எழுப்பப்பட்டது. கியோட்டோவில் சில காட்சிகள் மட்டுமே படமாயின. அரங்கை வகுத்தவர் ஜான் மைர். உடை கோலீன் ஆட்வுட். ஒளிப்பதிவு டியான் பீபீ. இசை ஜான் வில்லியம்ஸ், அதில் செல்லோ வாசித்தவர் யோ-யோ மா, வயலின் வாசித்தவர் இட்ஸாக் பெர்ல்மன். ஆண் பாத்திரங்களுக்கு கென் வாதனாபே, கோஜி யாகுஷோ ஆகிய ஜப்பானிய நடிகர்கள் வாய்த்தார்கள். முக்கியமான மூன்று பெண் பாத்திரங்களுக்கோ, சீனாவைச் சேர்ந்த சாங் ஸியி, கோங் லீ இருவரும், மலேசியாவில் பிறந்த சீனரான மிஷேல் யோவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். எல்லாரும் ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்பது ஏற்பாடு.

2005 டிசம்பரில் அமெரிக்காவில் படம் வெளியானபோது, பத்திரிகை விமர்சகர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே அதை மெச்சினார்கள். கண்ணுக்கு விருந்து, ஆனால் நெஞ்சில் தங்கவில்லை என்பதே பெரும்பாலோர் சொன்னதன் சாரம். தமக்குத் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் நடிகைகள் தயங்கித் தயங்கிப் பேசும்போது, அவர்களுடைய இயல்பான ஆற்றலே கட்டுண்டு போகிறது என்று பலர் வருந்தினார்கள். ரோஜர் ஈபர்ட் என்ற பிரசித்தி பெற்ற விமர்சகர், ஜப்பானைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் எவ்வளவுக்கெவ்வளவு ஒருவருக்குத் தெரிந்திருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு இந்தப் படம் ரசிக்காது என்ற கருத்தை வெளியிட்டார். அப்படத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மிகவும் பொருத்தமான வாசகம் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. பொறாமையால் வெந்து தன்னையும் பிறரையும் எரிக்கும் ஹட்சுமோமோ என்ற பாத்திரத்தில் கோங் லீ காட்டிய திறமைக்கு மட்டும் ஏகோபித்த பாராட்டுக் கிடைத்தது. நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூ அவரைச் சிறந்த துணை நடிகையாகத் தேர்ந்தெடுத்தது. சாதாரண ரசிகர்களின் மனம் விமர்சகர்களின் மனத்தினும் இளகியிருந்தது. நாவலைப் படித்து உருகியவர்கள், குறிப்பாகப் பெண்கள், படத்தையும் விரும்பிப் பார்த்தார்கள். உலகெங்கும் சேர்ந்து 16 கோடி டாலருக்குச் சற்று மேல் வசூலாயிற்று.

ஜப்பானில் 'சாயூரி' என்று நாயகியின் பெயராலேயே அது வெளியிடப்பட்டது. சீன நடிகைகள் கெய்ஷாவாக நடிப்பதா என்ற கேள்வி அங்கே எழுந்தது உண்மை. ஆயினும் அந்தக் கேள்வியின் உள்ளே கிடந்தது வெறும் இன அபிமானம் மட்டுமன்று. கிமோனோவை உடுத்துப் பழகியவள் நடப்பதற்கும், படப்பிடிப்புக்காகச் சில வாரம் பயின்றவள் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்நாட்டு மூதாட்டிகளின் கண்ணுக்குத் தப்பவில்லை. கூந்தல் முடிப்பு ஜப்பானியமாக இல்லை, கழுத்துப்பட்டி சரியும் விதம் சரியில்லை, வணங்கும் முறை தப்பு என்று அவர்கள் அடுக்கிய குறைகளெல்லாம், அந்த அடையாளச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்களின் குறைகள்.

நாயகியின் பெரும்புகழுக்குக் காரணமாகப் படம் காட்டும் நடனத்தை இங்கே சற்று நெருங்கிப் பார்க்கலாம். இருண்ட மேடையில் நீல ஒளி விழுகிறது. காகிதப் பனி பொழிகிறது. அவிழ்ந்த கூந்தலோடு, மிக உயர்ந்த கரிய பாதுகைகளின்மேல் தள்ளாடிவரும் நாயகி, உடலை வில்லாக வளைத்துச் சுழன்று, கடைசியில் வீழ்கிறாள். படத்தில் எனக்கு மறவாமல் நிற்கும் காட்சி அது. ஒளியும் நிறமும் அசைவும் ஒன்றோடொன்று இசைந்த விதம் அழகுதான். ஆனால் அந்தப் பாதுகைகள் ஓய்ரானின் ஊர்வலப் பாதுகைகளை நினைவூட்டுபவை. விலைமகளிரினின்று தம்மை வேறுபடுத்திக் காட்டவே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கச்சையின் முடிச்சைக்கூடக் காத்துவந்த ஒரு சமூகத்தின் தலைசிறந்த நடனமணி, அவர்களுடைய மிதியடியை ஒத்த ஒன்றில் ஏறி ஆடுகிறாள் என்றால், அறிந்தவர் மனம் என்ன பாடுபடும்! தலைவிரி கோலமாகக் கதறும் அந்த நடனம் கியோட்டோவுக்கு உரியதன்று, லாஸ் ஏஞ்சல்ஸின் இரவுக் கேளிக்கை மேடைக்கு உரியது என்று ஜப்பானியர் சிலர் நொந்து பேசியதில் வியப்பில்லை. கதை நிகழ்வதாகச் சொல்லப்படும் அந்த 1930-களில், தொண்ணூறு வயது கடந்த இனோவே யாசியோ அம்மையார் மெய்யாகவே கியோட்டோவில் வாழ்ந்திருந்தார் என்பதை எண்ணும்போது, தவறவிட்டது எத்தனை பெரிய சந்தர்ப்பம் என்று ஏங்கத்தான் வேண்டியிருக்கிறது. தாம் எடுத்தது ஆவணப் படமன்று, ஒரு கற்பனைக் கதை என்று மார்ஷல் சமாதானம் சொன்னார். கலைஞனுக்குச் சுதந்தரம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கச்சையையும் கூந்தலையும் ஆராய்ச்சி செய்து அறிவதற்கு, கியோட்டோவில் கெய்ஷாக்களோடு தாமும் ஒருவராக வாழ்ந்து அவர்களைப் பற்றி நூல் எழுதிய லீஸா டால்பி என்ற மானிடவியல் அறிஞரையே ஆலோசகராக வைத்துக்கொண்டு, பிறகு அவ்வறிவை ஒதுக்கி வைப்பதைச் சுதந்தரம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

சீனாவில் எழுந்த கோபம் முற்றிலும் வேறு வகை. அங்கே எவரும் கிமோனோவின் மடிப்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1937 டிசம்பரில் நான்ஜிங் நகரத்தில் ஜப்பானியச் சேனை நிகழ்த்திய படுகொலையும், யுத்தகாலத்தில் சேனையின் 'ஆறுதல் பெண்டிர்' என்ற பெயரால் ஆசியப் பெண்கள் அநேகர் அடிமைப்படுத்தப்பட்டதும், இன்னும் ஆறாத புண்ணாக அந்த ஜனங்களின் நினைவில் இருக்கின்றன. 2005-ஆம் ஆண்டோ அந்தப் புண் மறுபடி கீறப்பட்ட ஆண்டு. அந்த வசந்தத்தில், யுத்தக் கொடுமைகளை மழுப்பியதாகக் குற்றம்சாட்டப்பட்ட ஜப்பானியப் பாடபுத்தக விவகாரத்தை முன்னிட்டுப் பெய்ஜிங், ஷாங்காய் முதலிய நகரங்களில் ஜப்பானுக்கு எதிரான பெரிய ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. அக்டோபரில் ஜப்பானியப் பிரதமர் கோய்சுமி, யுத்தக் குற்றவாளிகளும் நினைவுகூரப்படும் யாசுகுனி ஆலயத்துக்கு மீண்டும் சென்றார். அந்தச் சமயத்தில், சீனாவின் புகழுக்கே பிரதிநிதியாகக் கருதப்பட்ட ஓர் இளம் நடிகை, கன்னிமை ஏலம் போகும் கெய்ஷாவாக, ஜப்பானிய நடிகரின் அணைப்பில் திரையில் தோன்றுகிறாள் என்ற செய்தி பரவியது. கெய்ஷாவுக்கும் விலைமகளுக்கும் உள்ள வேற்றுமையை எடுத்துச் சொல்ல எவரும் இல்லை. படமே அந்த வேற்றுமையைக் குழப்பிவிட்டிருந்தது. சாங் ஸியியைத் தேசத்துரோகி என்று தூற்றினார்கள். முதலில் அனுமதி அளித்திருந்த அதிகாரிகள், 2006 பிப்ரவரியில் திரையிடலை ரத்துச் செய்தார்கள். ஜனங்கள் அதைத் திருட்டு வட்டுகளின் மூலம் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் எழுதிய கதையில், யாரோ ஒருவர் வகுத்த பாத்திரத்தை நடித்த குற்றத்துக்காக, அறுபது ஆண்டுகளுக்கு முந்திய யுத்தத்தின் பாரத்தை ஒரு நடிகை தலையில் சுமக்க நேர்ந்தது அநியாயம். அவள்மேல் வீசப்பட்ட வசையில் பெரும்பகுதி, அவள் பெண் என்பதற்காகவே வீசப்பட்டது.

நடிகையரின் தேசம் பற்றிய வாதத்தில் நான் எந்தப் பக்கமும் சேர விரும்பவில்லை. திறமையுள்ள நடிகை எந்நாட்டுப் பாத்திரத்தையும் ஏற்கலாம். இதற்கு நாடக சரித்திரமே சாட்சி. படத்தின் குறை அதன் கண்ணோட்டத்தில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதிகாலையில் எழுந்து ஷாமிசென் வாத்தியத்தின் நரம்பில் விரல் தேய்த்து, குருவின் முன் மண்டியிட்டு ஒரே அசைவை நூறு தடவை திருப்பிச் செய்து பெற்ற வித்தையை, படம் சில நிமிஷங்களில் ஓட்டிவிடுகிறது. எஞ்சிய நேரமெல்லாம் இரு பெண்களின் பொறாமைக்கும் ஒரு கனவானின் கடாட்சத்துக்கும் செலவாகிறது. 1944-இல் அரசாங்கம் கெய்ஷாப் பேட்டைகளையெல்லாம் மூடி, பட்டுடுத்திய பெண்களை யுத்தத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பியதும், அடுத்த ஆண்டே தோல்வியுற்ற நாட்டில் அவர்களில் பலர் திரும்பிவந்து பழைய பாடத்தை முதலிலிருந்து தொடங்கியதும், எந்தக் காதல் கதைக்கும் குறையாத வீரம் உடையவை. அவை படத்தில் அவசரமாகக் கடந்து செல்லப்படுகின்றன.

இதே கியோனைப் பற்றி, இதே 1930-களில், கெஞ்ஜி மிசோகுச்சி என்ற ஜப்பானிய மேதை ஒரு படம் எடுத்திருக்கிறார். 1936-இல் வெளிவந்த 'கியோன் சகோதரிகள்' என்ற அப்படம் கறுப்பு வெள்ளையில் 69 நிமிஷம் மட்டுமே ஓடுவது. நொடித்துப்போன பழைய ஆதரவாளனுக்கு விசுவாசமாக இருக்கும் அக்காளும், ஆண்களை ஏமாற்றியாவது பிழைத்தே தீர்வது என்று துணிந்த தங்கையும் அதில் இருக்கிறார்கள். இருவரும் ஏமாந்தே போகிறார்கள். முடிவில் தங்கை ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி, கெய்ஷா என்று ஒரு தொழில் இவ்வுலகில் ஏன்தான் இருக்கிறதோ என்று அழும்போது, பார்க்கிறவர்களின் நெஞ்சு நடுங்குகிறது. மிசோகுச்சியின் சொந்தத் தமக்கையே குடும்ப வறுமையால் கெய்ஷாவாக அனுப்பப்பட்டவர். அவருடைய சம்பாத்தியத்தில் தம்பி வளர்ந்தார். அந்தக் கடன் அவர் படங்களில் எல்லாம் பேசுகிறது. இங்கே பளபளக்கும் பட்டு இல்லை, பனி பொழியும் மேடை இல்லை. சந்துகளின் ஈரமும், கணக்குப் புத்தகமும், அடகுவைத்த கிமோனோவும் இருக்கின்றன. 8.5 கோடி டாலர் படம் 145 நிமிஷத்தில் சொல்லமுடியாததை, அவர் அதில் பாதி நேரத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்.

ஹாலிவுட் படத்தின் விளைவு திரையோடு நின்றுவிடவில்லை. படத்தில் நாயகி சிறுமியாக ஓடிவரும் செந்நிறத் தோரண வாயில்களைக் காணவென்று ஃபுஷிமி இனாரி ஆலயத்துக்குச் செல்லும் வெளிநாட்டார் அநேகர். கியோனின் சந்துகளிலோ, மாலையில் விருந்துக்கு விரையும் மைகோக்களைக் காமிராவோடு துரத்துவதும், வழிமறிப்பதும், கிமோனோவின் கையைப் பிடித்து இழுப்பதுங்கூட நிகழலாயின. பொறுத்துப் பார்த்த பேட்டைவாசிகள், தனியார் சந்துகளில் அனுமதியின்றிப் படம் பிடிப்போர் 10,000 யென் கட்டவேண்டும் என்று 2019-இல் அறிவிப்புப் பலகை நாட்டினார்கள். 2024-இல் அச்சந்துகள் சிலவற்றுள் சுற்றுலாப் பயணிகள் நுழைவதே தடுக்கப்பட்டது. வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைத் தெருவில் மறித்துப் படம் பிடிக்கலாம் என்ற துணிவு நாகரிகமுள்ள மனிதருக்கு எங்கிருந்து வந்தது? அவளைக் கலைஞராக நினையாமல், காட்சிப் பொருளாக நினைக்கப் பழக்கிய ஒரு நூற்றாண்டுக் கதைகளிலிருந்தும் நாடகங்களிலிருந்தும் படங்களிலிருந்தும் அது வந்தது.

கியோட்டோவுக்குச் செல்லும் பாக்கியம் பெறும் நம் அன்பர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. சந்துகளில் காமிராவோடு காத்து நிற்க வேண்டாம். ஏப்ரல் மாதத்தில் செல்லுங்கள்; கியோன் கோபு நாடகசாலையில் ஒரு சீட்டு வாங்குங்கள். பரிந்துரையும் பரிச்சயமும் இல்லாத எவரும் அங்கே மியாகோ ஓதோரியைப் பார்க்கலாம். 1872-இல் தொடங்கிய அந்த விழாவை, இனோவே சம்பிரதாயத்தின் ஐந்தாவது தலைவியின் கீழ் பயின்ற பெண்கள் இன்றும் ஆடிவருகிறார்கள்.